அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நாற்காலி

1

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பனியில் நிற்கிறவர்களைப் படம் பிடிப்பதில்தான் இங்கே என் ஞாயிற்றுக்கிழமைகள் போகின்றன. கனடாவின் கால்கரியில் முதல் கனத்த பனி விழுந்ததுமே போன் வர ஆரம்பித்துவிடும். “சரண்யா, இந்த வாரம் ஃப்ரீயா? ஒரு ஃபேமிலி போட்டோ எடுக்கணும், ஊருக்கு அனுப்ப.” எல்லாருக்கும் ஒரே ஆசைதான். பின்னால் மலை தெரியவேண்டும், மரமெல்லாம் வெள்ளையாக இருக்கவேண்டும், உடம்பில் பட்டு இருக்கவேண்டும், ஜாக்கெட் இருக்கக் கூடாது.

ஆகவே முறை இப்படி. காரில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். நான் வெளியே நின்று வெளிச்சம் பார்த்துவிட்டுக் கையை ஆட்டுவேன். குடும்பமே இறங்கி ஓடிவந்து ஜாக்கெட்டுகளைக் கழற்றி என் முதுகுக்குப் பின்னால் வீசும். வேட்டிக்குள் கம்பளிக் கால்சட்டை, பாவாடைக்குள் பனிக்காலணி. சிரிப்பார்கள். அழுத்துவேன். மறுபடி காருக்குள் ஓட்டம். சம்பளம், டப்பாவில் வரும் இட்லியும் மிளகாய்ப்பொடியும். வாரநாட்களில் கணினி முன்னால் உட்கார்ந்து எண்களை மேய்க்கிறவளுக்கு இதைவிட நல்ல ஞாயிறு கிடையாது.

பனியில் நம் ஆட்களை எடுப்பது ஒரு தனி வித்தை. கேமரா எதைப் பார்த்தாலும் சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும். அதன் போக்கில் விட்டால் பனி அழுக்காகிவிடும், முகம் கரியாகிவிடும். முகத்தைத் தூக்கினால் பனி வெளுத்து ஒன்றுமில்லாமல் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு குளிர்காலம் ஆனது.

போன குளிர்காலத்தில் ஒரு மதுரைக் குடும்பம், ஊரில் இருக்கும் தாத்தாவையும் படத்தில் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டது. சேர்த்தேன். தோளில் துண்டும் காலில் ரப்பர் செருப்புமாகத் தாத்தா பனியில் நின்று சிரித்தார். அந்த வீட்டுச் சின்னப் பெண் பார்த்துவிட்டு, தாத்தாவுக்கு பூட்ஸ் கொடுங்கள் என்றாள். அவள் பேசிய ஆங்கிலத்தில் தாத்தா என்ற ஒரு சொல் மட்டும்தான் தமிழ். பூட்ஸும் போட்டுக் கொடுத்தேன். அப்போது அது எனக்கு நல்ல விளையாட்டாக இருந்தது.

2

சனிக்கிழமைகளில் மலைப்பக்கம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். உறைந்த ஏரி, மரக்கிளையெல்லாம் ஊசி ஊசியாக வளர்ந்த பனி, சூரியனுக்கு இரண்டு பக்கமும் துணைச் சூரியன் போல நிற்கும் ஒளிப்பொட்டுகள். பேட்டரியை உள்சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு அலைந்து எடுத்து வந்து, சூடு ஆறுவதற்குள் ஊருக்கு அனுப்புவேன்.

அப்பாவிடமிருந்து குரல்பதிவு வரும்.

“இன்னாமா இது, ரோட்டுல கோடே தெரியல. நீ எந்தப் பக்கம் ஓட்ற?”

“இங்க வலது பக்கம்பா.”

“அது வேறயா. டயரு இன்னா டயரு போட்டுக்கினு இருக்கிற?”

“பனிக்குன்னு தனி டயருப்பா. அத வுடு, மலை எப்டி இருக்குது?”

“எந்த மல?”

அப்பா காஞ்சிபுரத்தில் டாக்ஸி ஓட்டுகிறவர். கல்யாணப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வருகிற குடும்பங்களைக் கடை கடையாக ஏற்றி இறக்குவார். நடுவில் கோயில், சாப்பாடு. சில நாள் அப்படியே திருப்பதி. நான் அனுப்புகிற படத்தில் அவர் ரோட்டை மட்டும்தான் பார்ப்பார். சின்ன வயதில் முன்சீட்டில் உட்கார்ந்து நான் ஓயாமல் பேசிக்கொண்டு வருவேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார், ஒரு தரம்கூட என் பக்கம் திரும்பமாட்டார். “ஓட்றவன் பக்கத்துல பாக்கக் கூடாதும்மா. பார்த்தா வண்டியும் அந்தப் பக்கமே போவும்.”

எங்கள் வீட்டுப் படங்களிலும் அவர் அப்படித்தான். கழுத்தில் மாலை இருந்தாலும் சரி, மடியில் பேரப்பிள்ளை இருந்தாலும் சரி, எதிரே லாரி வருவது போல நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

3

இந்தத் தையில் அப்பாவுக்கு அறுபது முடிந்தது. எங்கள் குலதெய்வம் தாமல் ஏரிக்கரையில் இருக்கிறது. அங்கேயே அம்மாவுக்கு மறுபடி தாலி கட்டுவது என்று புரட்டாசியிலேயே பேசி முடித்தார்கள். நானும் அலுவலகத்தில் விடுமுறை கேட்டேன். நேட்டிவுக்குப் போகிறேன் என்று நம் ஊர்ப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். மேலாளர் அம்மாள் இந்த நாட்டுப் பழங்குடிகளின் ஊர் ஒன்றுக்கு நான் போவதாக எண்ணிக்கொண்டு மரியாதையாகத் தலையசைத்தாள். விளக்கி முடிப்பதற்குள் எனக்கே நான் எந்த ஊர் என்று சந்தேகம் வந்துவிட்டது.

அப்புறம் வேலை அனுமதிக் கதை. பழைய அனுமதி முடிகிறதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டேன். பதில் வரும்வரை இங்கே இருந்து வேலை பார்க்கலாம். ஆனால் நாட்டை விட்டுப் போய்விட்டால், மறுபடி உள்ளே வந்து அதே நாற்காலியில் உட்காருவது அந்தப் பதிலைப் பொறுத்தது. தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன் குடியேற்றத் துறையின் இணையப் பக்கத்தைத் திறப்பேன். பரிசீலனையில் என்று இருக்கும். கார்த்திகை போய் மார்கழி வந்தது. பரிசீலனையில்.

அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

“இங்க வர்றதுக்குப் பர்மிட்டு வேணுமா?”

“வேணாம்பா. திரும்பி இங்க வர்றதுக்குத்தான் வேணும்.”

“ஆந்திரா பார்டர்ல நாங்க வாங்குற மாதிரி டெம்பரவரி ஒண்ணு வாங்கிக்கினு வாயேன்.”

“அப்டி இங்க தரமாட்டாங்கப்பா.”

“கேட்டுப் பாத்தியா?”

“கேட்டேன்.”

அவருக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. “சரி வுடு. வண்டிய மடக்கி நிறுத்தி வெச்சிருக்கும்போது ஓட்டுன்னா எப்டி ஓட்டுவ.”

அம்மா அவ்வளவு சுலபமாக விடவில்லை. “பெத்ததே ரெண்டு. அதுல ஒண்ணு இல்லாம ஒரு போட்டோவா? அத நான் நடுவீட்ல மாட்டிக்கினு வர்றவங்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கினு இருக்கணுமா?”

அப்போதுதான் மாலதி அக்கா யோசனை சொன்னாள். “பாஸ்கர் அண்ணன்கிட்ட சொன்னா ஒட்டிக் குடுத்துடுவாரு. நீ அங்க ஒண்ணு எடுத்து அனுப்பு. அப்பாகிட்ட இப்ப எதுவும் சொல்லாத.”

4

பாஸ்கர் அண்ணன் எங்கள் தெருமுனை ஸ்டூடியோக்காரர். எனக்கு முதன்முதலில் கேமராவைக் கையில் கொடுத்து, கீழே போட்டால் கையை உடைப்பேன் என்றவர். ஒரு வெள்ளைச் சனிக்கிழமை நண்பகலில் புடவை கட்டிக்கொண்டு வெட்டவெளியில் நின்று, ரிமோட்டை அழுத்தி எடுத்து அவருக்கு அனுப்பினேன். நல்ல படம் என்றுதான் நினைத்தேன்.

“பாப்பா, மோவாக்கட்டைக்கு அடியில வெளிச்சம் வருது பாரு. நம்ம ஊர்ல வெயிலு மேல இருந்துதான வரும்? இத ஒட்டுனா எல்லாரும் ஏரிக்கரைல நிப்பாங்க, நீ மட்டும் அடுப்பு மேல குனிஞ்சாப்ல இருப்ப.”

உண்மைதான். பனி கீழேயிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. மூக்குக்குக் கீழே, தாடைக்குக் கீழே நிழலே இல்லை. தாமல் கரையில் மண் சிவப்பு. அங்கே கீழேயிருந்து வருகிற கொஞ்ச வெளிச்சமும் செம்மண் நிறத்தில் வரும். மறுவாரம் மெரூன் நிறப் படுக்கைவிரிப்பைப் பனிமேல் விரித்து அதன்மேல் நின்றேன். தாடை சரியானது. ஆனால் இந்த ஊர்க் குளிர்காலத்துச் சூரியன் நண்பகலிலும் வேலி உயரத்தில்தான் நிற்கிறது, நிறமோ நீலம் பாய்ந்தது.

அக்காவிடம் ஏரிக்கரைக் காலை வெயிலைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். மாமாவை ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லி விடிந்ததும் போய் எடுத்து அனுப்பினாள். “இந்தா உன் வெயிலு. ஒரு எருமையும் வந்துடுச்சு. அதுக்குத்தான் நிழலு அழகா வுழுவுது, பாத்துக்கோ.”

அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கரையில் நெருஞ்சி பூத்திருந்தது. மழைக்குப் பிறகு நிறைந்த தண்ணீர் மேல் வெயில் தகடு தகடாகக் கிடந்தது. எருமையின் கொம்பில் மஞ்சள், வயிற்றுக்குக் கீழே மண்ணின் சிவப்பு. ஊரில் இருந்தவரை வெயிலென்றால் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடியவள் நான். எங்கள் வெயில் எந்தப் பக்கமிருந்து வந்து எங்கே முடிகிறது என்று இங்கே வந்துதான் பார்க்கிறேன். ஒரு படத்தில் எருமையின் நிழல் அக்காவின் செருப்பு வரைக்கும் வந்திருந்தது. எனக்குக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

அதற்குள் விஷயம் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அம்மாதான் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். வீடியோவில் வந்தார். வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்.

“மாலதி கல்யாணப் போட்டோல தாத்தா எப்டிம்மா வந்தாரு?”

“பாஸ்கர் அண்ணன் ஒட்டினாருப்பா.”

“ஏன் ஒட்டினோம்?”

அக்கா கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்பே தாத்தா போய்விட்டார். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். இல்லாதவர்களைக் கூட்டிவந்து மணமக்களுக்குப் பின்னால் நிற்க வைப்பார்கள். எந்த வீட்டுப் படத்திலும் யார் முகம் கொஞ்சம் வெளிறித் தெரிகிறதோ, அவர் இல்லை என்று அர்த்தம்.

“செத்தவங்களத்தான்மா ஒட்டுவாங்க. அந்த வரிசையில உன்ன நான் நிக்க வெக்கமாட்டேன்.”

“இப்ப எல்லாரும் பண்றாங்கய்யா,” என்றாள் அம்மா, பின்சீட்டிலிருந்து.

“எல்லாரும் பண்ணட்டும். சரணு இல்லன்னா போட்டோவே வாணாம். அவ என்னிக்கு வர்றாளோ அன்னிக்கு எடுத்துக்கலாம்.”

என்றைக்கு என்று எனக்கே தெரியாது. அதுதான் வலித்தது. மதுரைத் தாத்தாவுக்கு நான் மாட்டிவிட்ட பூட்ஸும் ஞாபகம் வந்தது. அவரை ஒட்டியதாக அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்களா?

அம்மா அப்பாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். சோற்றைப் போட்டுவிட்டு டிவியைப் பார்த்து, தண்ணி அங்க இருக்குது, என்பாளாம். இப்படியே சில நாள் போனது. ஒருநாள் புடவைக்கடை வாசலிலிருந்து, சவாரி உள்ளே போயிருந்த நேரத்தில், அப்பாவின் குரல்பதிவு வந்தது.

“யோசிச்சிக்கினே இருந்தேம்மா. நாங்க அங்க கரையில நிக்கிற அதே நேரத்துல நீ அங்க நில்லு. பாஸ்கரு இங்க எடுக்கட்டும், நீ அங்க எடு. அப்ப நீயும் நின்னதாத்தான் அர்த்தம். ஒட்டுனதா ஆவாது. முன்னாடி எடுத்தது பின்னாடி எடுத்தது ஒண்ணும் வாணாம். உங்கம்மாகிட்ட சொல்லு, என்கிட்ட பேசச் சொல்லு.”

அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கடிகாரத்தைப் பார்த்தேன். தாமலில் காலை வெயில் அடிக்கிற நேரம், கால்கரியில் முந்தின நாள் பொழுது சாய்ந்து இருட்டிப் போயிருக்கும். இவ்வளவு நாள் நான் பழகிய சூரியன் அப்போது இருக்காது.

5

வீட்டுக்குள் எடுக்க முடியாது. வெயில் தூரத்திலிருந்து வருவது. விளக்கைப் பக்கத்தில் வைத்தால் அது வெயிலாகாது. என் அறைத்தோழி ஜெனிபர், நாகர்கோவில்காரி, இரண்டாம் மாடி பால்கனியைக் காட்டினாள். “நான் மேல நின்னு லைட்ட பிடிக்கேன். நீ கீழ கார் நிறுத்துற எடத்துல நில்லு. சூரியன் எவ்வளவு உயரத்துல வேணும்?” அக்காவின் படத்தில் எருமை நிழலின் நீளத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். இரண்டாம் மாடி சரியாக இருந்தது.

ஃப்ளாஷ் முகத்தில் மிட்டாய்ப் பெட்டியின் ஆரஞ்சுக் கண்ணாடித்தாளைச் சுற்றினேன். பனிமேல் மெரூன் விரிப்பு. முக்காலியில் கேமரா, அதன் காலோடு கட்டிய போனில் வீடியோ. அம்மா போன வருஷம் பார்சலில் அனுப்பிய பச்சைப் பட்டு, அதன் மேல் ஜாக்கெட். குளிர் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே. மூக்குக்குள் முடி உறைந்து குத்தியது.

போனில் தாமல் விடிந்திருந்தது. தாலி கட்டி முடித்திருந்தார்கள். அப்பா பட்டு வேட்டியில் மாலையோடு, அம்மா அரக்கு நிறப் புடவையில். அம்மாவுக்கு அந்தப் பக்கம் அக்கா, மாமா, குழந்தை. அப்பாவுக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டிருந்தார்கள். அங்கே கோயிலின் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு, அதன்மேல் பித்தளைச் செம்பை வைத்து, செம்பில் மாமாவின் போனைச் சாய்த்திருந்தார்கள். அந்தப் போனுக்குள் நான். எதிரே பாஸ்கர் அண்ணன் பக்கத்திலிருந்த அக்காவின் போன் வழியாக நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நாற்காலிய அப்புறம் அழிச்சிடறேன்,” என்றார் பாஸ்கர் அண்ணன். “பாப்பா, ரெடியா?”

ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்தேன். இத்தனை குடும்பங்களை இப்படி நிற்க வைத்திருக்கிறேன். அந்தக் குளிர் எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

“ரெடிண்ணா.”

“இரு இரு, கொழந்த செருப்ப கயட்டிட்டான்,” என்றாள் அக்கா.

“மாலையக் கொஞ்சம் எடது பக்கம் தள்ளுங்கய்யா.”

“அந்த மாட்ட யாராச்சும் ஓட்டுங்கப்பா, பின்னாடி மேஞ்சிக்கினு இருக்குது.”

“அது இருந்தா இருக்கட்டும்டா,” என்றார் அப்பா. “அந்தப் பொண்ணு அங்க வெறச்சிக்கினு நிக்கிறா. எட்றா சீக்கிரம்.”

“எல்லாரும் கேமராவப் பாருங்க. பாப்பா, நீயும் உன் கேமராவ. ஒண்ணு. ரெண்டு.”

உதடு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பல்லுக்கு நடுவிலிருந்து ஸ்ஸ் என்று ஒரு சத்தம் என்னை மீறி வந்துவிட்டது.

“மூணு.”

ரிமோட்டை அழுத்தினேன். பால்கனியிலிருந்து வெயில் அடித்து மறைந்தது. அங்கேயும் கேமரா சொடுக்கியது கேட்டது.

“ஐயா திரும்பிட்டாரு,” என்றார் பாஸ்கர் அண்ணன். “இன்னொரு தபா எடுத்துடலாம்.”

“போதும்பா. அவ போயி ஸ்வெட்டரு போடட்டும்.” அப்பா மாலையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

“நான் நிக்கிறேம்பா. ஒண்ணும் ஆவாது.”

“உள்ள போம்மா.”

அப்பாவின் முகம் நாற்காலியிலிருந்த போனை நெருங்கி வந்தது, பெரிதாக, குங்குமத்தோடு. நெற்றியில் வியர்த்திருந்தது. அப்புறம் யாரோ நாற்காலியை நகர்த்த, எனக்கு வானம் மட்டும் தெரிந்தது. மேலே ஜெனிபர், “சூரியன அணைச்சிரட்டா?” என்று கேட்டாள்.

6

பாஸ்கர் அண்ணன் நன்றாகச் செய்திருந்தார். நானே குறை கண்டுபிடிக்கிறவள், என் கண்ணுக்கே ஒட்டு தெரியவில்லை. தாடைக்குக் கீழே செம்மண் நிறம் இருக்கிறது. என் நிழல் அப்பாவின் நிழலோடு ஒரே சாய்வில் கரையில் விழுகிறது. என் முகம் வெளிறவே இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் பார்த்தால் அன்று காலை நான் தாமலில் இருந்ததாகச் சத்தியம் செய்வார்.

எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அக்கா, அம்மா, மாமா, குழந்தை, பின்னால் நின்ற மாடு, நான். அப்பா மட்டும் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்க்கிறார். உதடு லேசாகத் திறந்திருக்கிறது, குளிருதாம்மா என்று கேட்கப்போகிறவர் போல.

“உன்னோடத மட்டும் இன்னொண்ணு எடுத்து அனுப்பு, அப்பா பக்கம் பாக்கற மாதிரி, மாத்திடறேன்,” என்றார் பாஸ்கர் அண்ணன். ஆசையாகத்தான் இருந்தது. விளக்கும் விரிப்பும் இன்னும் எடுத்து வைக்கப்படாமல் கூடத்திலேயே கிடந்தன. ஆனால் பின்னாடி எடுத்தது வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். நின்றபோது எப்படி நின்றேனோ அப்படியேதான் இருக்கவேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பதில், ஒட்டாத அசல் படத்தைக் கேட்டு வாங்கினேன். அதை இங்கே அச்சடித்து என் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். அதில் நான் இல்லை. மாலையும் கழுத்துமாக ஒரு மனிதர் சிவப்பு நாற்காலியில் இருக்கும் செம்பை அத்தனை கவலையோடு பார்க்கிறார். படம் எடுக்க வந்த ஒரு குடும்பம், இவர் எதைப் பார்க்கிறார் என்று கேட்டது. என்னை என்றேன். அவர்கள் நாற்காலியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மேலே கேட்கவில்லை.

ஒட்டிய படம் காஞ்சிபுரத்தில் நடுவீட்டில் இருக்கிறது. இந்த வாரம் அம்மா பேசும்போது, அப்பா அதன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போனை வாங்கினார்.

“பர்மிட்டு வந்துச்சா?”

“இன்னும் இல்லப்பா.”

“ம். போட்டோ நல்லாத்தான் இருக்குது.” தட்டை நகர்த்துகிற சத்தம். “நீ ஏம்மா வேற எங்கயோ பாத்துக்கினு இருக்கிற?”

“கேமராவப் பாக்கச் சொன்னாங்களேப்பா.”

“எனக்கும்தான் சொன்னாங்க.”

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் மென்று முழுங்கும்வரை காத்திருந்தேன்.

“சரி,” என்றார். “அடுத்த தபா இந்தப் பக்கம் பாரு.”